நூற்றிருபதுக்குக் கீழே

மழை பிடித்த மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குத் தையலக்கா மாடிக்குப் போய் மழைமானியைப் பார்த்தாள். தொண்ணூற்றொன்று. குடையைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். தொண்ணூற்றொன்றுதான். நூற்றிருபதுக்கு இன்னும் இருபத்தொன்பது மில்லிமீட்டர் இருந்தது. நிம்மதி தர வேண்டிய எண் அது. ஆனால் அவளுக்கு நிம்மதி வரவில்லை.

அந்தத் தெருவைத் தெரு என்று சொல்வதே பேச்சுக்குத்தான். மெயின் ரோட்டில் தொடங்கிக் குன்றின் மேல் ஏறும் கல் படிகள், இருபுறமும் இருபத்தேழு வீடுகள். கீழே ரோட்டுக்கு அந்தப்பக்கம் பள்ளிக்கூடம். உச்சியில், மண்ணை வெட்டி எடுத்த சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆறு வீடுகள். தையலக்காவின் வீடும் கடையும் நடுவில் இருந்தன. மேலே போகிறவர்களும் கீழே போகிறவர்களும் அவள் கடை வாசலில் நின்று மூச்சு வாங்குவார்கள். அந்த வகையில் தெருவின் சங்கதி எல்லாம் அவளைத் தாண்டித்தான் போகும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எதிர்க் குன்றில் மண் சரிந்து ஒரு வரிசை வீடுகளை அப்படியே வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு பேரிடர்த் துறையிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு மழைமானியும் ஒரு விசிலும் கொடுத்தார். "உங்க தெருவப் பத்தி உங்களவிட எனக்கு என்ன தெரியும்? நீங்களே உக்காந்து பேசி ஒரு திட்டம் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவிலேயே பெரிய மேஜை தையலக்காவின் துணி வெட்டும் மேஜைதான் என்பதால் எல்லாரும் அங்கே கூடினார்கள். அளவு வெட்டும் பழுப்புத் தாளை நான்காக ஒட்டித் தெருவை வரைந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு நடக்க முடியாது, யார் யாரைத் தூக்குவது, எந்த வழியாக இறங்குவது. நடக்க முடியாதவர்கள் பட்டியலில் தன்னைச் சேர்த்ததற்காக மருந்துக்கடைக்காரர் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. "முட்டி கொஞ்சம் வலிக்குதுன்னு சொன்னேன், அதுக்குள்ள பாடை கட்டிட்டீங்களே" என்று அவர் கோபப்பட்டதை இன்றும் தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

திட்டத்தை எழுதியவர் வாத்தியார். முப்பத்துநான்கு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒன்று, ஒன்று-அ, ஒன்று-ஆ என்று பிரித்து ஒன்பது பக்கம் எழுதினார். மழை தொடங்கியதிலிருந்து சேரும் அளவு எண்பது மில்லிமீட்டரைத் தொட்டால் தையலக்கா மூன்று முறை விசில் ஊத வேண்டும், எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்க வேண்டும் என்பது நான்காம் பிரிவு.

போன வருடம் எண்பதைத் தொட்டது. அவள் ஊதினாள். எல்லாரும் இறங்கினார்கள். ஒன்றரை நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். ஒரு பிடி மண் அசையவில்லை. ஆனால் இறங்கும்போது வாத்தியாரின் மனைவி, தெருவே வாத்தியாரம்மா என்று கூப்பிடுகிறவர், நடுப்படிகளில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவதோடு சரி. பதினொரு மாதமாக ஒரு படி இறங்கவில்லை.

சுற்றிப்போகும் பக்கவாட்டுப் பாதை வேண்டாம், நடுப்படிதான் சீக்கிரம் என்று வரைபடத்தில் கோடு போட்டவள் தையலக்கா. வாத்தியார் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சட்டை தைக்கக் கொடுப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் எழுந்து, "எண்பதுங்கிறது எங்கயோ யாரோ போட்ட கணக்கு. நம்ம குன்று எண்பதுக்கு அசையலங்கிறத நாமளே பாத்துட்டோம். நூத்தியிருபதுன்னு வைப்போம். அதுக்குக் கீழ எந்தக் காரணத்துக்காகவும் யாரும் விசிலத் தொடக்கூடாது" என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். தையலக்காவின் கைதான் முதலில் போனது.

ஆக, பழைய கணக்குப்படி முந்தின நாள் மாலையே இறங்கியிருக்க வேண்டும். புதுக் கணக்குப்படி இன்னும் நேரம் இருந்தது.

பதினோரு மணிக்கு அவளுடைய தம்பி கடைக்குள் நுழைந்து, தலையை நாய் மாதிரி உதறினான். அவன் தச்சுவேலைக்காரன். மெயின் ரோட்டில் பட்டறை வைத்திருந்தான்.

"டேய், துணி மேல தெறிக்குதுடா."

"உன் துணிக்கு ஒண்ணும் ஆகாது. டீ இருக்கா? காலையிலேர்ந்து மேல வரிசையில மூணு வீட்டுக் கதவு இழைச்சாச்சுக்கா. ஒண்ணும் சாத்த வரல, சாத்தினா தொறக்க வரல."

"மழைக்கு மரம் ஊறுறது வழக்கம்தானே?"

"ஊறும். அதுக்காக ஒரே வாரத்துல மூணு வீட்லயுமா? அதுவும் எல்லாத்துலயும் ஒரே மூலை. மேல, இடது கைப் பக்கம்." டம்ளரை வாங்கிக்கொண்டு சிரித்தான். "இதுல காமெடி என்ன தெரியுமா? வெல்டர் அண்ணன் எங்கிட்ட வந்து அரம் கேக்குறாரு. அவர் வீட்டுக் கதவும் பிடிக்குதாம். 'தம்பி, இந்த மழையில இரும்பே ஊறிடுச்சு போலருக்கு'ங்கிறாரு."

தையலக்கா சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டது.

"வெல்டர் வீட்டுக் கதவு முழுக்க இரும்புதானே?"

"ஆமா. நிலையும் இரும்பு. அவரே அடிச்சது."

"இரும்பு எப்படிடா ஊறும்?"

தம்பி டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடியே அவளைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பும் போய்விட்டது.

இருவரும் மேலே ஏறினார்கள். படிகளில் தண்ணீர் வாய்க்காலாக ஓடியது. வெல்டர் வீடு உச்சி வரிசையில் மூன்றாவது, வாத்தியார் வீட்டுக்கு அடுத்த வீடு. கதவுக்கும் நிலைக்கும் நடுவே எல்லாப் பக்கமும் சுண்டுவிரல் கனம் இடைவெளி விட்டுத்தான் செய்தேன் என்றார் வெல்டர். இப்போது மேல் இடது மூலையில் கதவு நிலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழ் இடது மூலையில் இடைவெளி அகன்றிருந்தது. கதவு நேராகத்தான் இருந்தது. நிலைதான் சாய்ந்திருந்தது. நிலை சாய்ந்தது என்றால் சுவர் சாய்ந்திருக்கிறது.

"இது எப்பலேர்ந்து அண்ணே?"

"திங்கக்கெழம லேசா உரசுச்சு. நேத்துதான் மாட்ட ஆரம்பிச்சது. அஸ்திவாரம் கொஞ்சம் எறங்கியிருக்கும்னு நெனச்சேன். ஏன், ஏதாவது…?"

 தையலக்கா இடுப்பில் செருகியிருந்த இஞ்ச் டேப்பை உருவிக் கீழ்மூலை இடைவெளியை அளந்தாள். பதினொரு மில்லிமீட்டர். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் நிலையில் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் நேரத்தை எழுதினாள். பிறகு வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். சரிவின் அடியில் எப்போதும், கோடையில்கூட, ஒரு கசிவு நீர் சன்னமாக வழிந்துகொண்டிருக்கும். மூன்று நாள் மழைக்கு அது கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை.

"தண்ணி எங்க போச்சு?" என்றான் தம்பி.

"அதாண்டா தெரியல. உள்ளயே நிக்குதோ என்னமோ."

கடைக்குத் திரும்பி வந்து துறை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஐந்தாவது முறையில் ஒருவர் எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இஞ்சினியர் வேறு பக்கம் போயிருப்பதாகவும், ரோட்டில் மரம் விழுந்து கிடப்பதால் சாயங்காலத்துக்குள் வருவது சந்தேகம் என்றும் சொன்னார். "இப்போதைக்கு எச்சரிக்கை எதுவும் குடுக்கலம்மா. உங்க திட்டத்துல என்ன எழுதியிருக்கோ அதப் பண்ணுங்க."

திட்டத்தில் எழுதியிருந்தது நூற்றிருபது. மாடிக்கு ஓடிப் பார்த்தாள். நூற்று ஒன்று.

ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி மேலே போய் அளந்தாள். பதினான்கு. டேப்பை இறுக்கிப் பிடித்து இன்னொரு தடவை அளந்தாள். பதினான்கு. இருபது வருடமாகத் துணியில் நூலளவும் தப்பாமல் வெட்டுகிறவள். அளவு தப்பியிருக்க வழியில்லை.

அங்கிருந்து நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனாள். பதினொரு மாதத்தில் அந்த வீட்டு வாசலை மிதிப்பது அதுதான் முதல் முறை. வாத்தியார் கதவைத் திறக்கச் சற்று நேரமானது. அந்தக் கதவும் மாட்டியது. உள்ளே கட்டிலில் வாத்தியாரம்மா சாய்ந்திருந்தார். அவள் ஈரத்தோடு வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"அளவு என்ன இப்போ?" என்றார் வாத்தியார்.

"நூத்தி ஒண்ணு, சார். ஆனா அந்த நிலை…"

"நூத்தி ஒண்ணு நூத்தியிருபதவிடக் கொறைச்சலா, கூடவா?"

"கொறைச்சல்தான் சார்."

"அப்போ ஏன் இங்க வந்து நிக்கிறே?" குரல் உயரவில்லை. "போன தடவையும் இப்படித்தான் பதறினே. அந்தப் பதட்டம் யார் தலைல விடிஞ்சுதுன்னு உனக்குத் தெரியும். எல்லாரும் சேந்து ஒரு வரம்பு போட்டோம். நீயும் கை தூக்கினே. இஷ்டத்துக்கு மாத்துறதுக்கு அது என்ன பாவாடை நாடாவா?"

 கட்டிலிலிருந்த வாத்தியாரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, பேசாமல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வெளியே வந்து படியில் நின்றாள். விசில் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. ஊதிவிட்டு ஒன்றும் நடக்காவிட்டால் அப்புறம் இந்தத் தெருவில் எந்த விசிலுக்கும் மதிப்பிருக்காது. அதோடு இந்த வழுக்கும் படிகளில் இன்று யார் விழுவார்களோ. ஊதாமல் இருந்து ஏதாவது நடந்துவிட்டால்? அதை அவளால் யோசித்து முடிக்க முடியவில்லை. வீடு வீடாகப் போய் மெதுவாகச் சொல்லிப் பார்ப்போமா என்றுகூட நினைத்தாள். இருபத்தேழு வீடு. சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"அக்கா, என்னதான் பண்ணப் போறே?" என்றான் தம்பி.

"நீ போய் அந்தப் பக்கவாட்டுப் பாதையில நில்லு. எல்லாரையும் அந்த வழியா எறக்கு. நடுப்படியில ஒருத்தரும் கால வைக்கக் கூடாது."

"அப்போ ஊதப் போறியா?"

அவள் ஊதினாள். மூன்று முறை. முதல் ஊதலில் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. நான்காவதாக ஒன்று ஊதிச் சரிக்கட்டினாள்.

கதவுகள் திறந்தன. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. "நூத்தியிருபது ஆயிடுச்சா?" என்று கேட்டவர்களிடம் அவள் பொய் சொல்லவில்லை. "ஆகல. ஆனா வெல்டர் வீட்டுச் சுவர் நகருது. நான் அளந்து பாத்தேன்" என்றாள். சிலர் உடனே பையைத் தூக்கினார்கள். சிலர் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறோம் என்று உள்ளே போய் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். "மறுபடியுமா?" என்று ஒரு குரல் கேட்டது. வெல்டர் மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் மனைவியையும் இரண்டு பெண்களையும் முதலில் அனுப்பிவிட்டு, திட்டத்தில் தன் பெயருக்கு நேரே எழுதியிருந்தபடி வாத்தியார் வீட்டுக்கு நாற்காலியோடு வந்தார். வாத்தியாரம்மாவைத் தூக்க வேண்டிய நான்கு பேரில் அவர் ஒருவர்.

வாத்தியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இவள எங்கயும் தூக்கிட்டுப் போக வேணாம். ஒரு தடவ எறங்கினது போதும். நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருக்கோம்."

"சார், தயவுசெஞ்சு…" என்று தையலக்கா ஆரம்பித்தாள்.

"நீ பேசாதே. உன்னாலதான் இவ பதினொரு மாசமா…"

"அவளால இல்லங்க."

உள்ளேயிருந்து வந்த குரல் அது. வாத்தியாரம்மா வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றிருந்தார்.

"அவளால இல்ல. அன்னிக்கு நடுப்படி பாதி எறங்கியாச்சு. நம்ம தெரு நர்ஸ் பொண்ணு என் கையப் புடிச்சிட்டு வந்துச்சு. அப்பத்தான் பின்னாடி தாழ்வாரக் கொடியில புதுப் போர்வை கெடக்குதே, சாரலடிக்குமேன்னு ஞாபகம் வந்துச்சு. அந்தப் பொண்ணு கைய உதறிட்டுத் திரும்பி ஏறினேன். அவசரத்துல ஏறும்போதுதான் வழுக்குச்சு. எறங்கும்போது இல்ல."

வெல்டர் நாற்காலியைக் கீழே வைத்தார். 

"ஏன் சொல்லல?" என்றார் வாத்தியார்.

"சொன்னா என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஒரு போர்வைக்காகவாடின்னு ஆயுசுக்கும் கேப்பீங்க. நீங்களா அவதான் காரணம்னு முடிவு பண்ணிட்டீங்க. அந்தப் பொண்ணையும் சொல்ல வேணாம்னுட்டு, நானும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." தையலக்காவின் பக்கம் திரும்பினார். "தப்புதான்மா."

தையலக்காவுக்கு அந்த நிமிடம் என்ன தோன்றியது என்று பின்னால் கேட்டவர்களிடம் அவள் சரியாகச் சொன்னதில்லை. பாரம் இறங்கியது உண்மை. அதைவிடப் பெரிதாக ஒரு கோபம் எழுந்தது. பதினொரு மாதம். படியில் கால் வைக்கும்போதெல்லாம் அந்த இடத்தைத் தாண்டிப் போன பதினொரு மாதம். ஆனால் அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை. "அம்மா, நாற்காலியில உக்காருங்க" என்று மட்டும் சொன்னாள்.

வாத்தியார் வாசலிலிருந்து விலகினார். நாற்காலியைத் தூக்கியவர்களுக்குப் பின்னால், வாக்கரை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் இறங்கினார்.

நான்கு மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் தலை எண்ணியபோது நூற்றுப் பதினான்கில் நூற்றுப் பதின்மூன்று பேர் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரரைக் காணோம். தம்பி மறுபடி ஏறிப்போய் அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே வந்தான்.

ஐந்து மணிக்கு மழை விட்டது.

விட்டது என்றால் சொல்லிவைத்தது போல விட்டது. மேகம் விலகி வெயில்கூட அடித்தது. ஈரத்தில் குன்று பச்சைப் பசேலென்று மினுங்கியது. ஒரு கூழாங்கல் உருளவில்லை. கடைசியாக இறங்கும்போது அவள் பார்த்த மழைமானி நூற்று ஆறில்தான் இருந்தது. தையலக்காவின் மகள், ஏழாவது படிக்கிறவள், பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, விழாதுல்ல?" என்று கேட்டாள். விழக்கூடாது என்று வேண்டிக்கொள்வதா, விழட்டும் என்று நினைப்பதா என்று தெரியாமல் தையலக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். விழட்டும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. முணுமுணுப்பு பேச்சாகி, பேச்சு சத்தமாகியது. "வேல வெட்டிக்குப் போக வேணாமா?" "நேத்து வெச்ச பால் திரிஞ்சு போயிருக்கும்." "இந்தம்மாவுக்கு இதே பொழப்பாப் போச்சு." எட்டரை மணிக்குப் பத்துப் பதினைந்து பேர் பையோடு கேட்டை நோக்கி நடந்தார்கள். தையலக்கா ஓடிப்போய் நின்றாள். அவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கேட்டில் வாத்தியார் நின்றிருந்தார். கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, அதில் சாய்ந்துகொண்டு, கையில் அந்த ஒன்பது பக்கத்தையும் வைத்திருந்தார்.

"ஏழாம் பிரிவு" என்றார். "மழை நின்று இருபத்துநாலு மணி நேரம் முடியறவரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. நேத்து அஞ்சு மணிக்கு நின்னுச்சு. இன்னிக்கு அஞ்சு மணிக்குத் தொறப்பேன்."

"சார், நேத்து நீங்களே வரமாட்டேன்னீங்க!"

"ஆமா. அவ விசில் ஊதினது நாலாம் பிரிவுப்படி தப்பு. அது இன்னிக்கும் தப்புதான். அத அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம். ஆனா எறங்கியாச்சுல்ல? எறங்கின பெறகு ஏழாம் பிரிவு. போய் உக்காருங்க."

அந்த ஊரில் பாதிப் பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். நரைத்த தலைகள்கூடத் திரும்பிப்போய் உட்கார்ந்தன. வாத்தியார் பெயர்ப் பட்டியலை எடுத்து வகுப்பில் போல ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார். இருபத்திரண்டாம் வீட்டுக்குப் பதில் வரவில்லை. உச்சி வரிசையில் மருந்துக்கடைக்காரர் வீடு. பின்சுவரில் இடிந்திருந்த இடைவெளி வழியாக அவர் போயிருந்தார்.

"போனத நான் பாக்கல" என்றாள் அவர் மனைவி அழுதுகொண்டே. "முட்டி மாத்திரை வீட்ல இருக்குன்னு சொல்லிட்டிருந்தாரு."

"தம்பி எங்க?" என்றாள் தையலக்கா.

அவர் போவதைப் பார்த்துத் தம்பியும் பின்னாலேயே போயிருந்தான். இருபது நிமிடம் முன்னால்.

அவள் கேட்டை நோக்கி ஓடினாள். வாத்தியார் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீ போனா மூணு பேர் ஆகும்" என்றார். முதல் முறையாக அவர் குரல் உடைந்தது. "போகாதம்மா."

அப்போதுதான் சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. கனமான லாரி ஒன்று மிக மெதுவாகச் சரளையைக் கொட்டுவது போல, கொட்டி முடிக்காமல் கொட்டிக்கொண்டே இருப்பது போல இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குன்றின் உச்சியில் மரங்கள் நின்ற வாக்கிலேயே, சாயாமல், கீழே இறங்கி வந்தன. அவற்றின் முன்னால் வெல்டர் வீடு மடங்கியது. அடுத்து வாத்தியார் வீடு. அப்புறம் எது எந்த வீடு என்று தெரியவில்லை. பழுப்பு நிறம் மட்டுமே தெரிந்தது.

தையலக்கா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கால்மணி நேரம் என்று மகள் சொன்னாள். பக்கவாட்டுப் பாதையில், தலை முதல் கால் வரை சேறாக, இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு இறங்கின. மருந்துக்கடைக்காரரை இடது கையால் தோளோடு அணைத்துக்கொண்டு வந்தான் தம்பி. வலது கையைச் சட்டையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தான். அவரை ஜன்னல் வழியாக வெளியே தள்ளும்போது சுவர்க்கல் ஒன்று கை மேல் விழுந்திருந்தது.

"கோச்சுக்காதக்கா" என்றான். "இவரத் தூக்குறது யாருன்னு எழுதினோமே. பட்டியல்ல என் பேருதானே இருந்துச்சு?"

அவள் அவனை அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டாள்.

வலது கையில் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். "பத்துல எட்டு மிச்சம். பாஸ் மார்க்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அக்கா இல்லாத நேரத்தில் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததாக அங்கே வேலை பார்க்கும் அந்த நர்ஸ் பெண் சொன்னாள்.

ஆறு வீடுகளும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. அந்தச் சரிவில் இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஆறு குடும்பங்களும் ரோட்டோரமாக வாடகைக்கு இடம் பார்த்துக்கொண்டன. வாத்தியாரம்மா ஆள்மேல் ஆள் விட்டுக் கூப்பிட்டும் மூன்று வாரம் தையலக்கா அந்தப் பக்கம் போகவில்லை. நான்காவது வாரம் போனாள். வாய்விட்டுத் திட்டினாள். இவ்வளவு நாள் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். வாத்தியாரம்மா எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது இருவருமே அழுதிருந்தார்கள். அதற்கு மேல் அதில் பேச எதுவும் இல்லை.

கூட்டம் மறுபடி கூடியது. வரம்பை எழுபதுக்குக் குறைத்தார்கள். அது மட்டும் போதாது, எண் என்ன சொன்னாலும் இரண்டு பேர் கண்ணால் பார்த்துச் சந்தேகப்பட்டால் ஊதலாம் என்று நாலாம் பிரிவைத் திருத்தினார்கள். வாத்தியாரே எழுதினார்.

அடுத்த மழைக்காலத்தில் இரண்டு முறை இறங்கினார்கள். இரண்டு முறையும் ஒன்றும் நடக்கவில்லை. முதல் முறை எல்லாரும் வந்தார்கள். இரண்டாம் முறை நான்கு வீட்டுக்காரர்கள் வரவில்லை. மண் சரிந்ததை நேரில் பார்த்தவர்கள்தான் அவர்களும்.

அதன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தையலக்காவும் வாத்தியாரும் அந்த நான்கு வீடுகளுக்கும் போனார்கள். முதல் வீட்டில் இருந்தவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"அடுத்த தடவ கண்டிப்பா வர்றோம்கா" என்றார்.

"ஏன் இந்தத் தடவ வரலன்னு சொல்லுங்க" என்றாள் அவள். "கோவமெல்லாம் இல்ல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

அவர் தயங்கினார். உள் அறையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். வாத்தியார் அந்த ஒன்பது பக்கத்தை மடியில் விரித்து, பேனாவைத் திறந்தார்.